இருபத்தோர் இலக்கங்களும் மூன்று பிரமாணங்களும்

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் இருபத்தோர் இலக்க எண் கிடைக்கும். கோடி கோடியாக அளந்தாலும் பதினான்கு லட்சத்துக்கு மேற்பட்ட தடவை அளக்கவேண்டிய இந்த எண்ணைப் பகா எண் என்று 1644-இல் தமது நூலொன்றின் முன்னுரையில் தந்த பட்டியலில் எழுதிவைத்தவர் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. காரணம் காட்டினாரில்லை; ஆயினும் பெரியவர் சொல் என்பதனால் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என வகுத்த அளவைகளுள் உரைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித வித்துவான், இவ்வெண்ணை எதனாலும் வகுத்துப் பாராமலே, இது பகா எண்ணாயின் மீதிகளின் ஒரு தொடர் சூனியத்தில் வந்து முடிந்தாக வேண்டும், முடியவில்லை, ஆகவே இது பகு எண்ணே என்று நிரூபித்தார். காரணிகள் உண்டு, ஆனால் அவை யாவை என்று அவருக்கும் தெரியாது. இது கருதல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முன் கோல் என்ற பேராசிரியர் 193707721, 761838257287 என்னும் இரண்டையும் வைத்து, அவற்றின் பெருக்கம் இவ்வெண்ணே என்று காட்டினார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிவிட்டு அமர்ந்தார் என்று பெல் என்னும் கணித அறிஞர் எழுதிய கதை சற்று மெருகேறியதாக இருக்கலாம். பெருக்கத்தின் விடைக்கு மெருகு வேண்டியதில்லை. இது காண்டல்.

கருதலாகிய அனுமானம் சாமானியத்தையே பற்றும், தனிப்பொருளைக் காண்டலாகிய பிரத்தியட்சம் ஒன்றே பற்றும் என்றார் பௌத்த தார்க்கிகராகிய திங்நாகர். லூக்காஸ் ‘ஏதோ ஒன்று உண்டு’ என்ற எல்லையோடு நின்றதைக் கண்டிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். உலகம் காரியம், ஆதலால் கர்த்தா உண்டு என்று அனுமானத்தால் தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே அந்தக் கர்த்தாவின் குணங்களை வரிசையாக அடுக்கும் நம் ஆத்திக நண்பர்கள், லூக்காஸின் அடக்கத்தைக் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

ஆனால் திங்நாகர் பக்கமும் முழு வெற்றி இல்லை. இவ்வெண்ணுக்குக் காரணி எதுவாயினும் அதை 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்றே நிற்கும் என்பது, கோல் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பெர்மா என்னும் கணித அறிஞர் கண்ட விதியிலிருந்தே பெறப்படுவது. 193707721-ஐ வகுத்துப் பாருங்கள், ஒன்று நிற்கிறது. ஒருவரும் காணாத பொருளொன்று, காணப்படுவதற்கு முன்பே, தன் இலட்சணத்துக்குக் கட்டுப்பட்டு இருந்திருக்கிறது. கோல் அதைச் சிருஷ்டித்தார் என்று நான் ஒப்பாமைக்கு இதுவே ஹேது. ஆகவே காணாத கர்த்தாவுக்குக் குணம் கூறுவதே பிழை என்று நான் வாதிடவில்லை. அக்குணங்களுள் எவை இந்த 134 போல நிரூபணத்தின் வயிற்றிலே பிறந்தவை, எவை மெர்சென்னின் பட்டியலில் 67 புகுந்தாற்போலப் புகுந்தவை என்றே ஆத்திகர்களைக் கேட்கிறேன்.