தேர்தல் வெற்றியும் வாக்கெடுப்பின் முடிவும்: கோவா 1967

மக்கள் ஒரு வினாவிற்கு நேரடியாக வாக்களித்துத் தந்த விடையை, பின்னர்த் தேர்தலில் வென்ற கட்சி மாற்றலாமா என்பது அரசியல் அறம் சார்ந்த வினாவாகும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது குறித்து 2016இல் வாக்கெடுப்பு நடந்த பின்னர் இவ்வினா பெரிதும் பேசப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்பே இந்திய மண்ணில் இச்சிக்கல் எழுந்துள்ளமை நோக்கத்தக்கது.

போர்ச்சுக்கீசியர் ஆட்சியிலிருந்து 1961 டிசம்பரில் விடுபட்ட கோவா, நடுவண் ஆட்சிப்பகுதியாக இருந்தது. 1963இல் நடைபெற்ற முதல் சட்டமன்றத் தேர்தலில், மகாராஷ்டிரத்துடன் இணைய வேண்டும் என்ற மகாராஷ்டிரவாதி கோமந்தகக் கட்சி ஆட்சி அமைத்தது. தயானந்த் பந்தோட்கர் முதலமைச்சரானார். தன் வெற்றியையே இணைப்பிற்கு மக்கள் தந்த ஒப்புதலாக அக்கட்சி கொண்டது. ஜாக் டி செக்வேரா தலைமையிலான ஐக்கிய கோவா கட்சி இதனை ஏற்கவில்லை. கோமந்தகக் கட்சி பெற்ற வாக்குகளுள் குத்தகை உழவரும் பின்தங்கிய சாதியினரும் மேல்சாதி நிலவுடைமையாளர்க்கு எதிராக அளித்தவை மிகுதி. அவை அனைத்தையும் இணைப்புக் கணக்கில் சேர்ப்பது எவ்வாறு பொருந்தும்?

எனவே வினாவைத் தனியே கேட்க நாடாளுமன்றம் 1966இல் சட்டம் இயற்றியது. வாக்கெடுப்பு நடுநிலையுடன் நிகழும்பொருட்டுப் பந்தோட்கர் அமைச்சரவை பதவி விலகியது. 1967 ஜனவரி 16 அன்று நடைபெற்ற வாக்கெடுப்பில் இணைப்பிற்கு 1,38,170 பேரும், நடுவண் ஆட்சிப்பகுதியாகத் தொடர்வதற்கு 1,72,191 பேரும் வாக்களித்தனர். இணைப்பு தோற்றது. ஆயினும் அவ்வாண்டு மார்ச்சில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் அதே கோமந்தகக் கட்சி வென்றது. பந்தோட்கர் மீண்டும் முதலமைச்சரானார்.

ஏறத்தாழ பத்து வார இடைவெளியில் மக்கள் முன்னுக்குப்பின் முரணாக நடந்துகொண்டனர் என்று கூறுவது மேலோட்டமான வாசிப்பே ஆகும். ஜனவரியில் கேட்கப்பட்டது நிலம் யாருடன் சேர்வது என்பது. மார்ச்சில் கேட்கப்பட்டது யார் ஆள்வது என்பது. இணைப்பை மறுத்தவர்களுள் பந்தோட்கரின் ஆட்சியை விரும்பியோரும் இருந்திருக்கலாம். இரண்டாம் விடையைக் கொண்டு முதல் விடையை அழிப்பின், கேட்காத வினாவிற்கு விடை பெற்றதாக ஆகிவிடும். மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கே உரியதாகலின், வென்ற கட்சி தானாக எதையும் மாற்றியிருக்க இயலாது என்பது உண்மையே. ஆயின் சட்டத்தடை இருந்தமையால் அறவினா இல்லாமற் போய்விடாது.

முடிவை மாற்றுவோம் என்று முன்னரே அறிவித்து வென்றால் என்ன என்பது வலுவான எதிர்வாதம். 2019 தேர்தலில் பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சி அவ்வாறே வாக்குறுதி அளித்தது. மறைத்து வென்று மாற்றுவதினும் இது நேர்மையானது. எனினும் அந்நாட்டுத் தேர்தல் முறையில் 43.6 விழுக்காடு வாக்குகளே பெற்ற கன்சர்வேடிவ் கட்சி அவ்வாண்டில் 650 இடங்களுள் 365ஐ வென்றது. அத்தகைய பெரும்பான்மையைக் கொண்டு 51.9 விழுக்காட்டினரின் நேரடி முடிவை நீக்குவது, சிறுபான்மை பெரும்பான்மையை மீறுவதாகவே முடியும். அக்கட்சிக்குக் கிடைத்தவை 11 இடங்களே ஆதலின் சோதனை நேரவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1980 வாக்கெடுப்பில் தோற்ற பார்த்தி கெபெகுவா கட்சி 1981 தேர்தலில் வென்றும் இறையாண்மையை அறிவிக்கவில்லை. 1995இல் மீண்டும் மக்களையே கேட்டு, மிகக் குறைந்த வேறுபாட்டில் மீண்டும் தோற்றது.

அவ்வாறாயின் வாக்கெடுப்பின் முடிவு என்றென்றும் பிணிக்குமோ எனின், அன்று. 1987 மே 30 அன்று கோவா தனி மாநிலமாயிற்று. 1967இல் மக்கள் தேர்ந்த நடுவண் ஆட்சிப்பகுதி என்னும் நிலை அன்றோடு நீங்கியது. அதற்கென மறுவாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. இதனை மீறல் எனக் கூற இயலாது. தனி மாநிலம் என்னும் தெரிவே 1967இன் வாக்குச்சீட்டில் இல்லை; அன்று வாக்காளர் காத்தது கோவாவின் தனித்தன்மையை. 1987 அதனைக் குலைக்கவில்லை, வலுப்படுத்தியது. ஆயினும் வாக்காளர் எதைக் காத்தனர் என்பதனைத் தமக்கேற்ப உரைக்க எந்தக் கட்சியும் முன்வரலாம். அவ்வுரையில் ஐயம் எழுமிடத்து, வென்றவர் தாமே பொருள் கூறாது, அதே வினாவை அதே மக்களிடம் மீண்டும் கேட்கக் கடமைப்பட்டவராவர்.