ஓடுகிற வண்டி

பழைய மோட்டார் காரைப் புதுப்பிக்கிறவர்களில் ஒரு சாராரைப் பற்றி நான் அதிகமாக யோசித்ததில்லை. அவர்கள் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கட்டைமேல் உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து அது கல்யாணப் பெண் மாதிரி மினுமினுவென்று வெளியே வருகிறது, ஊர்வலத்தில் போகிறது, பரிசு வாங்குகிறது, மறுபடியும் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறது. பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. வேண்டாமென்று சொல்ல நாம் யார்?

என்னை யோசிக்க வைக்கிறவர்கள் இன்னொரு சாரார். இவர்களுக்கு இருப்பது ஒரே கார். அதில்தான் மார்க்கெட்டுக்கும் டாக்டரிடமும் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழற்றியதைத் திங்கட்கிழமை விடிவதற்குள் மாட்டியாக வேண்டும். இந்த மாதம் பிரேக், பென்ஷனில் மிச்சம் விழுந்தால் அடுத்த மாதம் ரேடியேட்டர், தீபாவளி கழித்துப் பெயிண்ட் என்று வருஷக்கணக்கில் வேலை நடக்கிறது. கோயிலில் திருப்பணி செய்யும்போதுகூட மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு மாற்றிப் பூஜை நிற்காமல் பார்த்துக்கொள்கிறோம். இந்தக் கார்களுக்குப் பாலாலயம் கிடையாது.

எங்கள் பேட்டையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருப்பது 1960களின் இறுதியில் செய்த நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதை ஒரு உள்ளூர்க்காரன் என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் 1959-ல் 'டிரயம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் பிறந்து, 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்திலேயே உற்பத்தியான வண்டி. உருவம் கொடுத்தவர் மிகலோத்தி என்ற இத்தாலியர். இங்கிலாந்து ஹெரால்டுக்கு நாலு கதவு கிடையாது. பின்சீட்டில் பாட்டியையும் பெரியம்மாவையும் ஏற்ற வேண்டிய நமக்காக இங்கேதான் அது முளைத்தது.

இந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் காரின் உடம்பை ஒரே கூடாகச் செய்ய ஆரம்பித்திருந்தன. ஹெரால்டைச் செய்தவர்களுக்குக் கூடு அடித்துக் கொடுத்துவந்த தொழிற்சாலையோ போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல், உடம்பைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து வாங்கி, அடியில் தனிச் சட்டம் போட்டு, போல்ட்டால் முடுக்கினார்கள். தரித்திரத்தில் பிறந்த யுக்தி! அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் ஒரு தலைமையாசிரியர் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து அதைப் பகுதி பகுதியாகக் கழற்ற முடிகிறது.

அவர் மாற்றியவற்றுக்குக் கணக்கு உண்டு. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டிலிருந்தே போய்விட்டது; அந்த ஈயத்தின் தயவில் தேயாமல் இருந்த வால்வு ஸீட்டுகளை எடுத்துவிட்டுக் கெட்டியானவற்றைப் போட்டார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது, பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் பிசுபிசுத்தன, அவையும் போயின. முன்சக்கரத்தைத் திருப்பித் தாங்கும் பித்தளை மூட்டு இரண்டு பக்கமும் புதிது. அதற்கு கிரீஸ் வைக்கக் கூடாது, எண்ணெய்தான் விட வேண்டும்; எண்ணெய் காய்ந்தால் ஒரு நாள் சக்கரம் மடிந்து படுத்துவிடும். கதவுகளில் இரண்டு புதுப்பேட்டையில் உடைபட்ட வேறொரு ஹெரால்டுடையவை. இத்தனைக்கும் பிறகு, "இது அதே கார்தானா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

மிகப் பழைய கேள்விதான். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் கேட்டாரே: அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகத்தடி ரதமா என்று. எதுவுமில்லை, எல்லாம் சேர்ந்ததற்கு வழக்கத்தில் இட்ட பெயர்தான் ரதம் என்று மன்னன் ஒப்புக்கொண்டான். கிரேக்கர்களுக்கும் இதே வியாகூலம் இருந்தது. தீஸியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பலகை பலகையாக மாற்றிக் காப்பாற்றினார்கள் என்றும், அது அதே கப்பலா இல்லையா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள் என்றும் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே மாதிரி இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? புதுப்பேட்டைக்குப் போயிருக்கிறவர்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை.

ஆனால் அந்தக் கப்பலைப் பற்றி ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது காட்சிக்கு நின்ற கப்பல் அல்ல. வருஷா வருஷம் டீலோஸ் தீவுக்குக் காணிக்கை கொண்டுபோய்த் திரும்பிய கப்பல். அது போய் வரும்வரை ஏதென்ஸில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது விதி. கி.மு. 399-ல் சாக்ரடீஸுக்குத் தண்டனை விதித்தபோது கப்பல் புறப்படத் தயாராகிவிட்டிருந்தது. அதனால் அவர் சிறையில் முப்பது நாள் உயிரோடு இருந்தார். கரையிலிருந்த நண்பர்கள் யாராவது, "இதில் எத்தனை பலகை புதிது?" என்று கேட்டிருப்பார்களா? இந்த வருஷமும் அது கடலில் இருந்தது. அவர் உயிர் அதனால் நீடித்தது. பலகை மாற்றியதற்குக் காரணமே அடுத்த வருஷம் அது போயாக வேண்டும் என்பதுதான். மிலிந்தனிடமும் நாகசேனர் முதலில் கேட்டது, நீ நடந்து வந்தாயா, ஏறி வந்தாயா என்றுதான். ரதத்தில் வந்தேன் என்றான். அதில் தகராறு ஏதும் இல்லை.

அப்படியானால் உபயோகம்தான் எல்லாம் என்றால், புதுக் கார் வாங்கிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புகை விஷயத்தில் பார்த்தாலும் பழைய என்ஜின் புதியதைவிட அதிகம் கெடுக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளில் எல்லாம் புதிதாவதும், ஒவ்வொன்றாகப் புதிதாவதும் ஒன்றல்ல. நம் வீடுகளில் மாமியார் சாம்பாரின் ருசி மருமகள் கைக்கு எப்படி வருகிறது? இரண்டு பேரும் பல வருஷம் ஒரே அடுப்படியில் நின்றதால் வருகிறது. ஹெரால்டில் போட்ட புது மூட்டு, ஐம்பது வருஷம் தேய்ந்த பழைய ஸ்டீயரிங்கோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள்கிறது. பின்னால் ஸ்டீயரிங் மாறும்போது அந்த மூட்டு பழசாகியிருக்கும். எல்லாம் புதிதாக இருந்த நாள் என்று ஒன்று அந்தக் காருக்கு வந்ததே இல்லை.

நம் சர்க்கார் 2021-ல் பழைய வண்டிகளுக்கென்று ஒரு விதி செய்தது. ஐம்பது வயது கடந்து, அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத் தனி எண் கொடுத்துக் கௌரவிக்கிறார்கள். அந்தக் கௌரவத்தை வாங்கிக்கொண்டால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. பெரியவர்களுக்கு மாலை போட்டு, திண்ணையில் உட்கார வைத்து, எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்கிற மரியாதையல்லவா இது? தலைமையாசிரியர் அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கவில்லை.

அவரிடம் பழைய கார்ப் பித்துப் பிடித்த இளைஞர் ஒருவர் அவ்வப்போது வருவார். பின்சீட்டில் பெல்ட் மாட்டுவதற்காகத் தளத்தில் துளை போட்டிருப்பதைப் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"என்ன சார், ஒரிஜினல் தளத்திலே ஓட்டை போட்டுட்டீங்களே!"

"என் பேத்தியும் ஒரிஜினல்தான், தம்பி" என்றார் தலைமையாசிரியர்.

இளைஞர் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அசல் நிலையில் நாலு வண்டியாவது எங்காவது இருந்தால்தான் ஹெரால்டு எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொறுப்பைக் குழந்தை உட்கார்ந்து போகிற காரின் தலையில் கட்ட முடியாது.

என் பார்வையில், அசல் போவது குற்றமில்லை. போனதை மறைப்பதுதான் குற்றம். தலைமையாசிரியர் நாற்பது பக்க நோட்டுகளாக ஆறு வைத்திருக்கிறார். என்ன மாற்றினார், எந்தத் தேதி, எந்தக் கடை, என்ன விலை, கழற்றிய பழையது எங்கே போயிற்று என்பதெல்லாம் பள்ளிக்கூட எழுத்தில் இருக்கிறது. ஒரு முறை வண்டியை விலைக்குக் கேட்க வந்தவர், இந்த நோட்டுகளை ஒதுக்கிவிட்டு "எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லிக் கொடுத்தால் விலை கூடும் என்று ஜாடை காட்டினார். வாத்தியார் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது ஒரு பெரிய சோதனை வந்திருக்கிறது. துரு அடிச்சட்டத்துக்குப் போய்விட்டது. உடம்பைத் தாங்கும் பக்கக் கைகள் இரண்டு விரலால் அழுத்தினால் உதிர்கின்றன. நல்ல சட்டம் ஒன்று உடைப்புக் கடையில் இருக்கிறது, பத்தே நாளில் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சட்டம் மாறினால் சேஸிஸ் எண் மாறும். சர்க்கார் பதிவேட்டில் கார் என்பது அந்த எண்தான். பழைய எண்ணைப் புதுச் சட்டத்தில் குத்திக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். ஆறு நோட்டுகளில் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாத காரியம். இன்னொரு வழி, அரித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே அளவில் தகடு மடித்து வெல்டிங் செய்வது. டிங்கர் ஆறு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறார், கூலியும் அதிகம்.

தலைமையாசிரியர் ஆறு ஞாயிறுக்கே சம்மதித்திருக்கிறார். வருகிற வாரம் இடது பக்கம் ஒன்றரை அடி வெட்டப்போகிறார்கள். மறுநாள் காலை எட்டே காலுக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்பதை டிங்கரிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.