ஸ்டாக்ஹோம் குளிரில் டெக்கார்ட்

உடலும் மனமும் வெவ்வேறு பொருள்கள் என்பது பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட்டின் அடிப்படைக் கொள்கை. இடத்தை அடைப்பது உடல், சிந்திப்பது மனம். 1641-இல் வெளிவந்த ‘தியானங்கள்’ நூலில் இதை அவர் நிறுவ முயன்றார். அப்படியானால் பருப்பொருள் அல்லாத ஆன்மா கையை அசைப்பது எவ்வாறு? 1643-இல் பொகீமிய இளவரசி எலிசபெத் கடிதம் எழுதி இதைத்தான் கேட்டார். மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பியில் ஆன்மா செயல்படுகிறது என்றது 1649-இல் வந்த டெக்கார்ட்டின் ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ நூல். ‘எங்கே’ என்பதற்கு அது விடை. ‘எவ்வாறு’ என்பதற்கு அன்று.

அந்த ஆண்டு அக்டோபரில், சுவீடன் அரசி கிறிஸ்டினா அழைத்ததன் பேரில் டெக்கார்ட் ஸ்டாக்ஹோம் வந்து, பிரெஞ்சுத் தூதர் ஷானுவின் வீட்டில் தங்கினார். முற்பகல்வரை படுக்கையில் கிடந்தபடியே சிந்திப்பது அவரது நெடுநாள் வழக்கம். அரசிக்கோ விடியற்காலை ஐந்து மணிதான் பாடத்துக்கு உகந்த நேரம். ஜனவரியில் அங்கே எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். கும்மிருட்டில், கடுங்குளிரில் அரண்மனைக்குப் போய்வந்தவர், இந்நாட்டில் தண்ணீரைப் போலவே மனிதரின் எண்ணங்களும் உறைந்துவிடுகின்றன என்று ஒரு கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனால் அவர் கொள்கைப்படி, உறைந்துபோக எண்ணத்துக்கு உடலே கிடையாது.

முதலில் நுரையீரல் அழற்சியில் விழுந்த ஷானு பிழைத்துக்கொண்டார். அடுத்துப் படுத்த டெக்கார்ட் 1650 பிப்ரவரி 11 அன்று, 53 வயதில் இறந்தார். லூத்தரன் நாட்டில் இறந்த கத்தோலிக்கர் என்பதால், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கான இடுகாட்டில் அடக்கம் நடந்தது.

மனம் வேறு என்றவரை உடல் வென்றுவிட்டது என்று இந்த மரணத்தைக் காட்டிக் கேலி செய்வது எளிது. அது நியாயமல்ல. ஆன்மா உடலோடு நெருக்கமாகக் கலந்திருக்கிறது, பசியும் வலியும் அந்தக் கலப்பில் பிறப்பவை என்று ‘தியானங்கள்’ நூலிலேயே அவர் எழுதியிருக்கிறார். காய்ச்சலில் புத்தி தடுமாறுவது இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று காட்டும். இரண்டும் ஒன்றென்று காட்டாது. கொள்கையின் உண்மையான பலவீனம் எலிசபெத் தொட்ட இடத்தில்தான் இருக்கிறது.

பின்வந்தோர் அதை அடைக்கப் பார்த்தனர். ஒவ்வொரு முறையும் உடலையும் மனத்தையும் இணைப்பவர் கடவுளே என்றார் மால்பிரான்ஷ். இரண்டும் ஒரே பொருளின் இரு தன்மைகள் என்றார் ஸ்பினோசா. இரண்டும் ஒத்து இயங்கும்படி கடவுள் முன்பே அமைத்துவிட்டார் என்றார் லைப்னிட்ஸ். இவற்றில் எதுவும் எல்லோரும் ஏற்ற விடையாகவில்லை.