‘இல்லை’ என்று சொல்லும் முன்

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், செல்ஃப் அடிக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று காருக்குச் சொந்தக்காரர் உடனே முடிவுகட்டிவிடுவார். கைதேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வருவதில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இன்னொரு முறை சாவியைத் திருப்பச் சொல்வார். வெளிச்சம் மங்கி அணைந்தால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சந்தேகிக்க வேண்டும். வெளிச்சம் சற்றும் குறையாவிட்டால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். தேடல் ரிலே, சாவி சுவிட்ச், சொலினாய்டு பக்கம் திரும்பும்.

அடுத்து டெஸ்ட் லேம்ப் வெளியே வருகிறது. ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி, நடுவில் சின்ன பல்பு. சந்தேகப்பட்ட வயரில் அதைக் குத்துவதற்கு முன் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்து, பல்பு எரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறார். பல்பே போயிருந்தால் எந்த வயரில் வைத்தாலும் ‘கரண்ட் இல்லை’ என்றுதான் அது காட்டும். கிளிப் பெயின்ட் மேல் கடித்து எர்த் கிடைக்காமல் போனாலும் அப்படியே. கருவி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அது காட்டும் ‘இல்லை’க்கு மதிப்பு வருகிறது.

இந்த அரை நிமிட வேலையில் இந்தியத் தத்துவத்தின் மிகக் கூர்மையான வழக்குகளில் ஒன்று அடங்கியிருக்கிறது. இல்லாத ஒன்றை ‘இல்லை’ என்று மனிதன் எதைக்கொண்டு அறிகிறான்?

தரையில் குடம் இல்லை. கண்ணில் படுவது தரை மட்டுமே. இன்மை கண்ணில் படுவதில்லை. ஆகவே இன்மையை அறியக் காட்சிக்கும் அனுமானத்துக்கும் அப்பால் தனி அளவை, அதாவது அறியும் வழி, ஒன்று வேண்டும் என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். நியாய மரபினர் ஒப்பவில்லை. இன்மையும் ஒருவகைப் பொருளே, அதைக் காட்சியே பற்றும் என்றார்கள். பிரபாகரரோ இன்மை என்று தனியாக எதுவுமே கிடையாது, இருப்பது வெறும் தரைதான் என்று வழக்கையே தள்ளினார். தமிழிலும் இந்தப் பேச்சு பழையது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, வியாசர் 10 அளவைகளையும் கிருதகோடி 8 அளவைகளையும் சைமினி 6 அளவைகளையும் கொண்டதாகச் சொல்கிறான். அவன் விளக்கும் அளவைகளில் அபாவமும், அதாவது இன்மையும், உண்டு.

இந்த வழக்கில் எலெக்ட்ரீஷியனுக்கு மிக அருகில் நிற்பவர் 7ஆம் நூற்றாண்டின் பௌத்தரான தர்மகீர்த்தி. காணத்தக்க ஒரு பொருள், காண்பதற்கு வேண்டியதெல்லாம் கூடியிருந்தும் காணப்படாவிட்டால்தான் ‘இல்லை’ என்று துணியலாம் என்றார் அவர். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகாது. இயல்பிலேயே புலனுக்கு எட்டாத பொருள் காணப்படாதது ஐயத்தை மட்டுமே தரும், துணிவைத் தராது.

பிற்காலத்து நியாய அறிஞர் உதயணர் இதே நிபந்தனையைக் கடவுள் வழக்குக்குக் கொண்டுபோனார். கடவுளைக் காணோம், ஆகவே கடவுள் இல்லை என்போருக்கு அவர் ‘நியாய குசுமாஞ்சலி’யில் தந்த விடை இது: ஈசுவரன் கண்ணுக்குரிய பொருளே அல்லன், காணாமை அவனை மறுக்கப் போதாது. இது வலுவான விடைதான். ஆனால் ஒரு மறுப்பைத் தடுப்பதோடு இதன் வேலை முடிகிறது. கடவுள் உண்டு என்பதை இது நிறுவவில்லை. அது தெரிந்துதான் உதயணரும் அதற்கென வேறு அனுமானங்களை அடுக்கினார்.

‘உண்டு’ என்பதற்கும் சோதனை வேண்டும் என்பதைப் பேட்டரியே காட்டும். முழுதாக ஏறிய 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் ஏறத்தாழ 12.6 காட்டும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தாலும், வயருக்குள் ஓரிரு இழைகளே மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அதே எண்ணைக் காட்டக்கூடும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் அந்த வோல்ட் சரிந்து விழும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பேட்டரி முனையிலும் அதன்மேல் மாட்டிய கிளாம்பிலும் மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பும் அந்த நொடியில் நடுவே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளக்கிறார்கள். சுமை ஏறாத வரை அந்த 12.6ஐ நம்பி யாரும் பேட்டரிக்கு நற்சான்று தரக்கூடாது.

சமயத்தின் ‘உண்டு’க்கு அப்படியொரு சுமை எது? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அளவைகளையெல்லாம் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்கிவிட்டு, காட்சியை நான்காகப் பகுக்கிறார்: வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி. புலனுக்கு எட்டாதது யோகக்காட்சிக்கு எட்டும் என்பது சைவத்தின் நம்பிக்கை. இங்கேதான் கடினமான முடிச்சு விழுகிறது. ஏனெனில் புலன், மனம், தன்னுணர்வு, யோகம் என்ற இதே நான்கைத் தர்மகீர்த்தியும் அருணந்திக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே காட்சியாக ஏற்றிருந்தார். அவருடைய யோகி காண்பது புத்தரின் நான்கு உண்மைகளை. ஈசுவரனையோ அவர் வாதிட்டே மறுத்தார். டெஸ்ட் லேம்பைச் சரிபார்க்க இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பேட்டரி ஒன்று இருக்கிறது. யோகக்காட்சியைச் சரிபார்க்கச் சைவர் ஆகமத்தையும் குருவையும் காட்டுகிறார். பௌத்தர் அவ்விரண்டையும் ஏற்பதில்லை.