அறியாமல் செய்த தீங்கு

பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணமே இல்லாத ஒருவனால் தீங்கு விளைந்துவிட்டால், அவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா? இந்தக் கேள்விக்கு நீதி நூல்களைவிட ஒரு மாட்டு நோயின் வரலாறு தெளிவாக விடை சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, தெற்கே டெக்ஸாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டி வந்து விற்றார்கள். வந்த மாடுகள் திடமாகவே இருந்தன. ஆனால் அவை மேய்ந்துபோன புல்வெளியில் பின்னர் மேய்ந்த வடக்கத்தி மாடுகளுக்குக் காய்ச்சல் கண்டது; சிறுநீர் சிவந்தது; ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. மிசௌரி விவசாயிகள் துப்பாக்கி ஏந்தி மந்தைகளை மறித்தார்கள். "என் மாட்டுக்கு நோயே இல்லையே!" என்றான் டெக்ஸாஸ்காரன். இருவர் சொன்னதும் உண்மை. உண்மையும் பொய்யும் மோதினால் வழக்கு எளிது. இரண்டு உண்மைகள் மோதினால்தான் துப்பாக்கி வரைக்கும் போகிறது.

வழக்கைத் தீர்த்தவர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் அவருடைய சகா கில்போர்னும். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொன்னதைப் படித்தவர்கள் சிரித்து ஒதுக்கியிருந்தார்கள். இவர்கள் சிரிக்கவில்லை, சோதித்தார்கள். 1889இல், வாஷிங்டனுக்கு அருகே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில், உண்ணி மொய்த்த தெற்கத்தி மாடுகளோடு வடக்கத்தி மாடுகளை ஒரு வேலிக்குள் விட்டார்கள், நோய் வந்தது. இன்னொரு வேலிக்குள் தெற்கத்தி மாடுகளின் உண்ணிகளைக் கையாலேயே பிடுங்கிவிட்டு விட்டார்கள், நோய் வரவில்லை. வேறொன்றில் தெற்கத்தி மாடே இல்லை. புல்லில் உண்ணிகளை மட்டும் தூவினார்கள். நோய் வந்தது! இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை அழிக்கும் நுண்ணுயிரை உண்ணி சுமந்து வந்திருக்கிறது. தெற்கத்தி மாடு கன்றாக இருக்கும்போதே அதற்கு ஆளாகித் தேறிவிடும். பிறகு நோயைச் சுமக்கும், தான் வாடாது.

1893இல் இந்த முடிவுகள் அச்சாயின. டெக்ஸாஸ்காரனின் அறியாமை அன்றோடு முடிந்தது. 1906இல் அரசாங்கம் உண்ணி ஒழிப்பைத் தொடங்கியது. இரு வாரத்துக்கு ஒருமுறை மாட்டை ஓட்டிச் சென்று மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். தெற்கத்திச் சிறு விவசாயிகள் பலர் முரண்டினார்கள். சில இடங்களில் தொட்டிகளையே வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அவர்களைக் கல் நெஞ்சர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தன் மாடு கண்ணெதிரே நன்றாக நிற்கிறது. முகம் தெரியாத ஒருவனின் மாடு பிழைப்பதற்காகத் தன் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். ஏழைக்கு அது பாரந்தான். ஆனால் பாரமாக இருப்பதாலேயே கடமை இல்லாமற் போய்விடுமா?

1943க்குள் மெக்ஸிகோ எல்லையோரம் நீங்கலாக அந்த உண்ணி அமெரிக்காவில் ஒழிந்தது.

"எனக்குத் தெரியாது" என்பது நேற்று வரைக்கும் நேர்மையான பதில். தெரிந்த பிறகும் அதையே சொன்னால், அங்கேதான் குற்றம் பிறக்கிறது. அதே போல, பாரம் சுமக்கிறவனுக்குத் தோள் கொடுக்காமல் வேலிக்கு அப்பால் நின்று அறம் பேசுகிறவனும் நிரபராதி அல்ல.