வரவு இடாப்பும் வரலாறும்

இறந்த காலத்தின் களஞ்சியமே நூதனசாலை என்று நம் பாடநூல்கள் கூறும். அதனை ஒரு தீர்ப்பு மன்றம் என்று கொள்வதே பொருந்தும். எதைப் பேணுவது, எதை மண்ணிலே விடுவது, எவரைப் பெயர் சொல்லி அழைப்பது, எவரைத் 'தொழிலாளர்' என்னும் பொதுச் சொல்லுக்குள் அடக்கிவிடுவது ஆகிய தீர்ப்புகள் அங்கே ஓசையின்றி வழங்கப்பட்டிருக்கின்றன. எகிப்தின் தொல்பொருள்களைக் காணச் செல்லும் எவரும் இத்தீர்ப்புகளைப் படித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். வன்னி மண்ணில் வாழும் நமக்கு அப்படிப்பு மேலும் அவசியமானது.

கீசாப் பிரமிட்டுகளுக்கு அண்மையில், 2025 நவம்பர் 1ஆம் திகதி, மாபெரும் எகிப்திய நூதனசாலை முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. முன்மண்டபத்திலே இரண்டாம் ராம்சேசின் சுமார் 11 மீற்றர் உயரச் சிலை நிற்கிறது. 1922இல் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமனின் கல்லறைப் பொருள்கள், 5,000க்கும் மேற்பட்டவை, முதன்முறையாக ஒருசேர வைக்கப்பட்டுள்ளன. இருபது வயதை எட்டுமுன்னே மாண்டவன் அம்மன்னன். பின்வந்தோர் அவன் பெயரை அரசர் பட்டியலில் சேர்க்காது விட்டனர். பண்டை எகிப்தியரோ பெயரை மனிதனின் ஒரு கூறாகவே மதித்தவர்கள். பெயர் சொல்லப்படும் வரை இறந்தவன் வாழ்கிறான். கல்லிலிருந்து பெயரைச் செதுக்கி எடுத்தால் அவன் இரண்டாம் முறை சாகிறான் என்பது அவர்தம் நம்பிக்கை. மறக்கடிக்கப்பட்ட துட்டன்காமனை அவனோடு புதைந்த பொன் மீட்டுக் கொடுத்தது. பொன்னோடு புதைக்கப்படாதவனை மீட்பது எது?

அம்மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்கள் டெய்ர் எல் மெதினா என்று இன்று வழங்கும் ஊரில் குடியிருந்த கல்தச்சரும் ஓவியரும் ஆவர். அவர்களுடைய வரவு இடாப்பு ஒன்று, சுண்ணக்கல் துண்டொன்றில் எழுதப்பட்டு, பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில் 40 தொழிலாளரின் பெயர்கள் உள்ளன. வேலைக்கு வராத நாள்கள் கறுப்பு மையிலும், வராமைக்குக் காரணம் சிவப்பு மையிலும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவனைத் தேள் கொட்டியது; ஒருவனுக்குக் கண் நோய்; ஒருவன் இறந்த தாயின் உடலுக்குச் சடங்கு செய்யப் போனான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தாயின் மரணத்தை நாம் அறிகிறோம்.

அதே ஊரின் தொழிலாளர், மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலியாகிய தானியம் உரிய காலத்தில் வராமையால் வேலையைக் கைவிட்டு, கோயிலொன்றின் பின்புறம் சென்று அமர்ந்தனர். பசியும் தாகமும் தம்மை அங்கே கொண்டுவந்தன என்று அதிகாரிகளிடம் கூறினர். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். அதைக் கூறும் பாப்பிரசு ஏடு இத்தாலியின் தூரின் நகர நூதனசாலையில் உள்ளது. எகிப்தியத் தொழிலாளியின் கையொப்பத்தைக் காண எகிப்தியனே ஐரோப்பாவுக்குப் போகவேண்டியிருக்கிறது என்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

பெயர் வெறும் உணர்ச்சிப் பொருள், உழைப்பவனுக்கு முதலில் வேண்டியது உணவு என்று வாதிடுவோர் நம்மிடையேயும் உண்டு. அந்தக் கல்துண்டே அவர்களுக்கு மறுமொழி. இடாப்பில் பெயர் இருந்தவனுக்கே தானியம் அளக்கப்பட்டது. பெயர் என்பது உரிமைக் கோரிக்கையின் முதல் வரி. பெயரை அழிப்பவன் கோரிக்கையையும் சேர்த்தே அழிக்கிறான்.

இவ்வுண்மையை வன்னி அறியும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் உறவினரும் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலருகே அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். சில நாள்களில் வவுனியாவிலும் போராட்டம் தொடங்கியது. அன்று கோயிலருகே அமர்ந்த கல்தச்சர் தானியம் கேட்டனர். இவர்கள் ஒரு விடை கேட்டனர். பலர் அவ்விடை கிடையாமலே கண்மூடிவிட்டனர். காணாமற் போனமைக்குச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் வழிசெய்தது. அதனால் சில நிருவாகக் கதவுகள் திறக்கலாம். ஆனால் விசாரணையின்றி வரும் பத்திரம், வழக்கை முடித்துவைக்கும் முத்திரையாகிவிடும் என்று தாய்மார் அஞ்சுவதில் நியாயம் இல்லையா?

2021 ஏப்ரல் 3ஆம் திகதி, 22 அரச உடல்கள் கெய்ரோ நகர வீதிகளில், பீரங்கி மரியாதையோடு, புதிய நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2023 ஜூனில், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க மண் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. பின்னர் நடந்த அகழ்வில் 50க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. மூவாயிரம் ஆண்டுப் பழைய உடலுக்கு உரியவனின் பெயரைச் சொல்ல அறிவியலுக்கு இயலுமெனில், நம் காலத்து எலும்புக்குப் பெயர் சொல்ல இயலாதென எந்த அரசும் கைவிரிக்க முடியாது. அறிவு இருக்கிறது, விருப்பமே வேண்டும்.

இங்கே நாமும் நேர்மையாயிருத்தல் வேண்டும். படையினரிடம் கையளிக்கப்பட்டவரின் பெயரை உரக்கச் சொல்லி, இயக்கம் வலிந்து கொண்டுபோன சிறுவனின் பெயரை விழுங்குவோமாயின், நாமும் கல்லைச் செதுக்கும் பாரோக்களே. வீடு திரும்பாத சிங்களச் சிப்பாயின் தாயும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். கொன்றவன் யாரென்று பார்த்து இறந்தவனின் பெயரை எழுதுவது வரலாறாகாது.

வவுனிக்குளத்தைக் கட்டிய மன்னன் யாரென்று ஆராய்ந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். அணைக்கு மண் சுமந்தவரின் பெயர் ஒன்றையேனும் நாம் அறியோம். அந்தப் பிழையைத் திருத்த இனி இயலாது. ஆனால் 2009க்கும் நமக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுகள் இல்லை. பெயர் தெரிந்த தாய் இன்னும் உயிரோடிருக்கிறாள். உடன் படித்தவர் அதே ஊரில் இருக்கிறார்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வரவு இடாப்பு உங்கள் கையில் நாள்தோறும் புழங்கும் ஏடு. ஒவ்வோர் ஊரிலும் வராமற்போனவர்களின் பெயர்களை, வயதோடும் தொழிலோடும் கடைசியாகக் காணப்பட்ட இடத்தோடும், உறவினரின் சம்மதம் பெற்று எழுதி வையுங்கள். இடாப்பின் காரணப் பகுதியை வெறுமையாக விடுங்கள். அந்த வெறுமையை நிரப்பும் கடமை யாருடையது என்பதை நாடு அறியும்.