உதட்டுச் சிவப்பும் கொல்லாமையும்

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலையில், ஆடையும் அணியும் அற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்குகின்றோம். ஆயினும் இல்லறத்தாராகிய நாம் ஒப்பனையை முற்றும் துறந்தோமல்லோம். எனவே, எச்சாயம் கொல்லாமைக்கு இயைந்தது என்னும் வினா நம்முன் நிற்கின்றது.

'இயற்கை வண்ணம்' எனில் குற்றமற்றது என்று கருதுகின்றோம். அஃது எப்போதும் உண்மையன்று. உதட்டுச் சாயத்திற் சேரும் கார்மைன் என்னும் சிவப்பு, கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சிகளைக் கொன்று உலர்த்திப் பெறுவது. பண்டைய செம்பஞ்சுக் குழம்பும் அரக்குப் பூச்சி தந்த நிறமே.

1856-இல் வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரின் வழியே செயற்கைச் சாயம் கண்டார். அவ்வகைச் சாயத்திற்குப் பூச்சியைக் கொல்ல வேண்டுவதில்லை. எனினும் அதன் தீங்கின்மையை அறிய விலங்குகள் துன்புறுத்தப்பட்டன. அழகுப்பொருட்களுக்கான அச்சோதனையை இந்தியா 2014-இல் தடை செய்தது.

பிழைப்பிற்கான தொழிலில் தவிர்க்கவியலாது நேரும் இம்சை வேறு. அழகிற்காக அறிந்தே ஏற்கும் இம்சை வேறு. செய்தல் மட்டுமன்று, செய்வித்தலும் உடன்படுதலும் வினையே என்பது நம் அறம். விலை கொடுப்பவரும் அதில் பங்குடையர்.

ஆகவே உறையை நோக்குவோம். 75470 என்னும் எண் கார்மைனைக் குறிக்கும். 15850 செயற்கைச் சிவப்பு. பெயரின் இனிமையை நம்பாது, பிறப்பிடத்தை ஆராய்ந்து வாங்குவதே இல்லறத்தார்க்குரிய நற்காட்சியும் நல்லொழுக்கமும் ஆகும்.